ஆர்கேட் போர்டுக்கு ஸ்டீரியோ தேவையா?

வீட்டிலேயே ஆர்கேட் மெஷின் கட்டும் ஆசை இப்போது நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது. ஒரு ராஸ்பெர்ரி பை, அல்லது பல நூறு கேம்கள் அடங்கிய ஒரு சீனப் போர்டு, பழைய மானிட்டர், ஜாய்ஸ்டிக், பிளைவுட் பெட்டி. ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் கட்டி முடித்திருக்கிறார்கள். படம் வருகிறது, பட்டன் வேலை செய்கிறது. கடைசியில் எல்லோரும் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான். அதுதான் சவுண்ட்.

"இந்தக் காலத்தில் மோனோவா?" என்று கேட்டுவிட்டு உடனே இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்-வூஃபர் என்று வாங்கிவிடுகிறார்கள். வீட்டு ஆர்கேடில் பெரும்பாலானவற்றுக்கு ஒழுங்காக வயரிங் செய்த மோனோவே போதும் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

முதலில் கேம்களைப் பாருங்கள். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் வந்த பேக்-மேன் எல்லாம் மோனோ. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் போர்டு வெளியே தருவதும் மோனோதான். 1985-ல் ஜப்பானில் வந்த ஜம்மா கனெக்டரில் மொத்தம் 56 பின்கள் உண்டு. அவற்றில் ஸ்பீக்கருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு: 10-ம் நம்பர் பின் பிளஸ், அதற்கு நேர் பின்பக்கம் உள்ள 'எல்' பின் மைனஸ். அதாவது ஒரே ஒரு ஸ்பீக்கர். மூலத்திலேயே இல்லாத ஸ்டீரியோவை நாம் எங்கிருந்து கொண்டுவருவது?

அடுத்து, விளையாடுபவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். வீட்டுப் பெட்டியின் அகலம் இரண்டடிதான். ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒன்றரை அடி இடைவெளி கிடைத்தாலே பெரிய விஷயம். இரண்டு பேர் விளையாடினால் இடது பக்கம் நிற்பவருக்கு இடது ஸ்பீக்கர், வலது பக்கம் நிற்பவருக்கு வலது ஸ்பீக்கர். நடுவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்காக வந்த ஏற்பாடு ஸ்டீரியோ. இங்கே நடுவில் ஆளே கிடையாது! என் சித்தப்பாவுக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். ஸ்டீரியோ ஹெட்போன் கொடுத்தால் இடது பக்கத்தில் வரும் சத்தம் எதுவும் அவருக்குத் தெரியாது. (விண்டோஸ் 11 பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ என்று சென்று மோனோ ஆடியோவை ஆன் செய்யலாம். இப்படிப்பட்டவர்கள் பல வீடுகளில் உண்டு.) திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. மீடியம் வேவில் நம் தாத்தா பாட்டி கேட்டது முழுக்க மோனோதான். அவர்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இனி வயரிங். நான் கவலைப்படும் இடம் இதுதான்.

பழைய ஒரிஜினல் போர்டு ஒன்றை நண்பர் ஒருவர் கஷ்டப்பட்டு வாங்கி வைத்திருந்தார். கடையில் கொடுத்து "ஆம்ப்ளிஃபயரில் இணைத்துத் தாருங்கள்" என்றார். கடைக்காரர் 'எல்' பின்னை அப்படியே ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டில் சேர்த்துவிட்டார். போர்டில் உள்ள சவுண்ட் ஐசி போய்விட்டது. அந்தப் போர்டு இன்று தேடினாலும் கிடைக்காது.

காரணம் எளிது. பல போர்டுகளில் அந்த மைனஸ் முனை கிரவுண்டு அல்ல. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் 'பிரிட்ஜ்' முறையில் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இயக்குகிறது. ஒன்றை கிரவுண்டில் வைத்தால் அது ஷார்ட். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய எல்ஏ 4440 ஐசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஐசி, ஸ்டீரியோவாகப் போட்டால் சேனலுக்கு 6 வாட்ஸ், பிரிட்ஜாகப் போட்டால் மோனோவில் 19 வாட்ஸ். அதே தத்துவம்தான். ஆகவே இணைக்கும் முன் பவரை ஆஃப் செய்து, 'எல்' பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவும். பூஜ்யம் ஓம் காட்டவில்லை என்றால் அந்த முனையை எந்தக் கிரவுண்டிலும் தொடவே கூடாது. இன்னொன்று: இந்தப் பின்களில் வருவது ஏற்கெனவே பெருக்கிய சிக்னல். ஸ்பீக்கரை நேராக மாட்டலாம். வெளி ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டில் அப்படியே கொடுக்கக் கூடாது.

ராஸ்பெர்ரி பை, கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்னை வேறு. அங்கே வருவது ஸ்டீரியோ, நம்மிடம் இருப்பது ஒரு ஸ்பீக்கர். இடது, வலது வயர்களை முறுக்கி ஒன்றாக்கிவிடுவது பலரின் வழக்கம். வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் ஒரு சேனலின் அவுட்புட் இன்னொன்றை எதிர்த்து இழுக்கும். இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்கி, சேனலுக்கு ஒன்றாகப் போட்டு, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து ஆம்ப்ளிஃபயர் இன்புட்டுக்குக் கொடுங்கள். சில ரூபாய்ச் செலவுதான்.

சிலர் இடது பிளஸ்ஸையும் வலது பிளஸ்ஸையும் ஒரே ஸ்பீக்கரின் இரு முனைகளில் மாட்டிவிடுகிறார்கள். அப்போது இரண்டு சேனல்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். நடுவில் ஒலிக்கும் குரல் காணாமல் போய்விடும். "கேமில் பேச்சே வரவில்லை, போர்டு ரிப்பேரா?" என்று கேட்பவர்கள் முதலில் இதைப் பார்க்கவும்.

இரண்டு ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால் மோனோவிலேயே இரண்டு வைக்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைத் தொடராக இணைத்தால் 8 ஓம் வரும். 8 ஓம் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம் ஆகிவிடும். பழைய ஐசி சூடாகும். பிளஸ் மைனஸ் மாறினால் 'பேஸ்' காணாமல் போகும். ஒரு பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

ஸ்டீரியோ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1993-ல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் போர்டில் ஸ்டீரியோவுக்கென்று தனி ஆர்சிஏ சாக்கெட்டுகளே இருக்கின்றன. அதை வைத்திருப்பவர் தாராளமாக இரண்டு ஸ்பீக்கர் வைக்கட்டும். அதில் அர்த்தம் உண்டு. ஆனால் சப்-வூஃபர்? ஸ்ரீரங்கத்தில் வீதி வீடுகள் பலவற்றுக்குப் பக்கத்து வீட்டோடு சுவர் பொது. இரவு பத்து மணிக்கு நீங்கள் விளையாடினால் அடுத்த வீட்டு மாமிதான் முதலில் கதவைத் தட்டுவார்.

இரவில் ஹெட்போன்தான் நல்லது. ஆனால் பிஏஎம் 8403 போன்ற குட்டி ஆம்ப்ளிஃபயர் போர்டின் அவுட்புட்டில் ஹெட்போன் சாக்கெட்டை மாட்டாதீர்கள். அதுவும் பிரிட்ஜ் வகைதான். ஹெட்போனின் பொது வயர் அதன் இரண்டு மைனஸ்களையும் சேர்த்துவிடும். பையின் ஆடியோ ஜாக்கிலிருந்தே தனியாக வயர் எடுங்கள். 2023-ல் வந்த பை 5-ல் அந்த ஜாக் கிடையாது. அதற்கு ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு போதும்.