எல்லா ஓனரும் ஒரே ஓனர் இல்ல

ஸ்பானிஷ் கத்துக்கிற கூட்டம் நம்ம ஹாஸ்டல்லயே நிறைய இருக்கு. ஆப்ல 'ஓனர்'னு வந்தா 'துவேஞோ'ன்னு தட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறோம். கூடவே ஆமோ, பத்ரோன், ஹெஃபே எல்லாம் வரும். அர்த்தம் பார்த்தா ஓனர், எஜமான், முதலாளி, பாஸ்னு சுத்திச் சுத்தி ஒண்ணுதான். என் கருத்து, இந்தச் சொற்களை இப்படி ஒரே டப்பாவுல போட்டு மனப்பாடம் பண்ணக் கூடாது.

துவேஞோ, பொதுவா ஒரு பொருளை வச்சிருப்பவர். வீடு, கடை, பைக் எதுக்கும் துவேஞோ உண்டு. ஆமோ அப்படியில்லை. கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்குச் சொந்தக்காரனா இருந்தவன் ஆமோ. அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1886-லதான். இன்னைக்கு நாய் வளர்க்கிறவரையும் ஆமோன்னு சொல்றாங்க. ஆனா ஆபீஸ்ல மேனேஜரை அப்படிக் கூப்பிட்டா, 'நான் உங்க அடிமை'ன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

அதே சொல்லோட பெண்பால் ஆமா. 'ஆமா தே காசா'ன்னா நேர் அர்த்தம் வீட்டு எஜமானி. நிஜத்துல அது இல்லத்தரசி. பட்டம் பெருசு, சம்பளம் கிடையாது. வீட்டுப் பத்திரம் அவங்க பேர்ல இருக்கணும்னும் இல்லை.

பத்ரோன், லத்தீன்ல 'அப்பா' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனா பெருவில் பண்ணையாருக்கும் அதே பேர்தான். 1969-ல நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த வெலாஸ்கோ, இனி பத்ரோன் உங்க வறுமையில சாப்பிட மாட்டான்னு விவசாயிகளுக்குச் சொன்னார். அங்கே துவேஞோன்னு போட்டா அது வெறும் பத்திரப்பதிவு விஷயமாயிடும்.

ஹெஃபே சாதாரண பாஸ். அதே ஹெஃபேயோட பெண்பாலை வச்சு, மெக்சிகோ பேச்சுவழக்குல 'மி ஹெஃபா'ன்னா எங்க அம்மா!

"பேசப் பேசத் தானா வந்துடும்"னு சிலர் சொல்வாங்க. வரலாம். அதுக்குள்ள எத்தனை பேர்கிட்ட தப்பான சொல்லைச் சொல்லியிருப்போம்? முதலாளி, ஆண்டை, ஹவுஸ் ஓனர் மூணும் ஒண்ணு இல்லைன்னு தமிழ் பேசுற நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் கவனத்தை ஸ்பானிஷுக்கும் கொடுப்போம். ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதும்போது, பக்கத்துலயே இன்னொரு வரியும் எழுதி வைங்க: இதை யார், யாரைப் பார்த்துச் சொல்வாங்க? ஸ்ட்ரீக் ஒரு நாள் உடைஞ்சாலும் பரவாயில்லை.