பேரம் பேசினால் முதுகு வலிக்கும்... அவருக்கு!

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. "இந்த வெயிலுக்குக் குளுகுளுன்னு எங்கேயாவது போய்ட்டு வந்தாத்தான் உடம்பு தாங்கும்" என்று ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூட்டை கட்டுகிறோம். 2024 கோடையில் இ-பாஸ் என்று கட்டுப்பாடு கொண்டுவரும் அளவுக்கு அங்கே கூட்டம்! மலைப்பாதையில் வண்டி வரிசை, குழந்தைக்கு வாந்தி, வேளை தவறிய சாப்பாடு, வயிற்றுப் பொருமல். திரும்பி வந்ததும் முதல் வேலையாக வைத்தியரைத் தேடி ஓடுவது! இதுவா ஓய்வு?

நான் சொல்கிற சுற்றுலாவுக்கு ஓட்டல் ரூம் வேண்டாம். விடிகாலையில் கிளம்பி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். எங்கள் மண்ணச்சநல்லூரைச் சுற்றியே மூன்று வழி இருக்கிறது. மூன்றிலும் பார்க்க வேண்டியது கட்டடத்தை அல்ல. வேலை செய்கிற கைகளை!

முதல் வழி, காவிரியின் இரு கரை. திருச்சியைத் தாண்டி எட்டரை, கோப்பு பக்கம் பூந்தோட்டங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் மல்லிகை மொட்டுப் பறித்து முடித்துவிடுவார்கள். ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்குப் போகிற பூ இது. அப்படியே வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே குளித்தலை போய், பாலம் கடந்தால் முசிறி. அங்கே கோரைப் பாய் நெய்கிறார்கள். கோரைப் பாயில் படுத்தால் உடல் சூடு தணியும் என்பது நம் முன்னோர் அனுபவம். குணசீலம் வழியாக வீடு திரும்பலாம்.

இரண்டாவது வழி, வடக்கே துறையூர், பெரம்பலூர் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர். மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று நம் வைத்தியத்துக்குப் பழக்கமான மரங்களே அங்கே சாமியாகவும் யானையாகவும் உருமாறுகின்றன.

மூன்றாவது வழி, கிழக்கே தஞ்சாவூர், சுவாமிமலை, நாச்சியார்கோயில். தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிறார்கள். தண்ணீரில் வளரும் நெட்டிச் செடியின் தக்கையைச் சீவிப் பெரிய கோயிலையே சின்னதாகச் செய்துவிடுகிறார்கள். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு. சுவாமிமலை பட்டறையில் நுழைந்தால் எனக்கு எங்கள் மருந்துக்கூடத்தில் நுழைந்த மாதிரி இருக்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்துதான் அங்கே சிலைக்கு மெழுகு உரு பிடிக்கிறார்கள். குங்கிலிய வெண்ணெய் செய்ய நாங்கள் எடுக்கிற அதே குங்கிலியம்! அந்த உருவின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைக்க வேண்டும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து!

மே மாதத்தில் காவிரியில் தண்ணீர் ஓடாது, மணல்தான் தெரியும். பரவாயில்லை. நாள் முழுக்க போனையே பார்க்கிற பிள்ளை, ஒரு மனிதர் உளியைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் மனசைக் குவித்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கட்டும். "கவனமா படி" என்று நாம் நூறு தடவை சொல்வதைவிட அது மேல்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்...

பட்டறைக்குப் போகிற நம்மவர்கள் என்ன செய்கிறோம்? பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடையில இதே அளவு பாதி விலைக்குக் கிடைக்குதேப்பா" என்கிறோம். கடைசியில் ஐந்நூறு குறைத்து வாங்கிவிட்டு, கெட்டிக்காரத்தனம் காட்டியதாகச் சந்தோஷப்படுகிறோம். நான் வைத்தியன். அந்த ஐந்நூறு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது அவருடைய உடம்பிலிருந்து வந்தது!

கூலி குறைந்தால் அவர் என்ன செய்வார்? இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்காருவார். குனிந்தே வேலை செய்கிற கழுத்துக்கும் முதுகுக்கும் ஓய்வு போச்சு. சம்மணம் போட்ட முழங்காலுக்கு நிமிரும் நேரம் போச்சு. உலை சூடு, கரிப் புகை, ராவும்போது பறக்கிற உலோகத் தூள், மரத் தூள்... எல்லாம் கூடுதலாக உள்ளே போகும். கண் எரிச்சல், இருமல் என்று வைத்தியரிடம் வர வேண்டிய நாளில் வரமாட்டார். "இந்த ஆர்டரை முடிச்சுட்டு வரேங்க" என்பார். முற்றிய பிறகு வந்தால் எந்த மருந்தும் மெதுவாகத்தான் கேட்கும்.

வீட்டில் இதைப் பார்த்து வளர்கிற பையன் அந்த உளியைத் தொடுவானா? "அப்பா மாதிரி நானும் முதுகு வலியோட கெடக்கணுமா?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. புவிசார் குறியீடு பொருளின் பெயரைத்தான் காப்பாற்றும். செய்கிற கையை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

"அப்படின்னா சொன்ன விலைக்கே வாங்கணுமா? ஏமாந்துட மாட்டோமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எத்தனை நாள் வேலை, எத்தனை பேர் கை பட்டது என்று கேளுங்கள். நாள் கூலியைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிற எலெக்ட்ரீஷியன் கூலியைவிடக் குறைவாக இருந்தால், பேரம் பேச உங்களுக்கே மனசு வராது. கட்டுப்படி ஆகவில்லையா? பெரிய சிலையைக் குறைத்துக் கேட்பதைவிட, ஒரு சின்ன விளக்கை முழு விலைக்கு வாங்குங்கள்.

கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

* அக்னி நட்சத்திர நாட்களில் காலை 11-லிருந்து 3 மணி வரை வெயிலில் அலையாதீர்கள். பட்டறை நிழலிலோ, கோயில் மண்டபத்திலோ இருங்கள்.

* பாட்டில் குளிர்பானம் வேண்டாம். வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், நீர்மோர், வழியில் கிடைக்கிற நுங்கு போதும். புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதத்தை முதலில் காலி பண்ணுங்கள்.

* உலோகம் உருக்கும் இடத்திலும், ராவிப் பாலீஷ் போடும் இடத்திலும் குழந்தைகளைத் தள்ளியே நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே இருப்பதே நல்லது.

* முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு நாள் வேலை கெட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அவர் பேசாமல் வேலை செய்தால், நீங்களும் பேசாமல் பாருங்கள்.

வாங்கி வந்த விளக்கை வீட்டில் ஏற்றும்போது, அதைச் செய்தவரும் முதுகு வலி இல்லாமல் தூங்கியிருக்க வேண்டும். அதற்கு வைத்தியன் பாதிதான் செய்ய முடியும். மீதி உங்கள் கையில்!