தாழை ஓலையும் சாயவேரும்

அவுஸ்திரேலியாவின் வடகோடியில், டார்வின் நகருக்குக் கிழக்கே, ஆர்ன்ஹெம் நிலம் என்றொரு பெரும் பிரதேசம் உண்டு. 1623ஆம் ஆண்டில் அக்கரையை அடைந்த ஒல்லாந்தக் கப்பலொன்றின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆயினும் அந்நிலத்துக்கு உரியவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்துவரும் ஆதிக்குடிகளே. அவர்களுடைய பெண்கள் தாழை ஓலைக்குச் சாயமேற்றிப் பாயும் பையும் பின்னும் கலையைப் பற்றி இவ்வாரம் சிறிது கூற விரும்புகிறோம்.

தாழை என்றதும் நம் பெண்களுக்கு நறுமணப் பூவே நினைவுக்கு வரும். அங்குள்ளது அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு மரம். யொல்ஙு மக்கள் அதனைக் 'குங்கா' என்பர். குருத்தோலையைக் கொக்கத்தடியால் வளைத்துப் பறிக்கிறார்கள். ஓரத்து முட்களை நீக்கி, ஒவ்வோர் ஓலையையும் நகத்தால் இரு படையாகப் பிளந்து, உலர்த்துகிறார்கள். இத்தனைக்கும் பின்னரே சாயம். பாயின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இதனை நினைப்பதில்லை.

மஞ்சள் நிறம் ஒரு சிறு செடியின் வேரில் இருக்கிறது. வேரை இடித்து ஓலையுடன் நீரில் வேகவைக்கவேண்டும். அதிலே சாம்பலை இட்டால் மஞ்சள் செம்மையாக மாறிவிடும். எந்த மரத்தின் சாம்பல், எவ்வளவு, எப்பொழுது என்பதெல்லாம் ஏட்டுப் படிப்பாக வருவதன்று. பாட்டி வேர் தோண்டப் போகும்போது பேத்தியும் உடன் போகவேண்டும். வேண்டிய அளவு வேரை மட்டும் எடுத்துக்கொண்டு, செடி மீண்டும் தழைக்க எஞ்சியதை மண்ணிட்டு மூடவேண்டும் என்பதையும் அவள் அங்கேதான் காண்கிறாள்.

ஆகவே பேத்தியின் பொழுதே இக்கலையின் உயிர். அப்பொழுதைப் பிறர் எடுத்துக்கொண்ட காலங்கள் உண்டு. சில மிஷன் நிலையங்களில் பிள்ளைகள் தாய்மாரைப் பிரிந்து விடுதிகளில் வளர்க்கப்பட்டனர். 1970களில் தாய்மொழியிலும் கற்பிக்கும் பாடசாலைகள் தோன்றின. ஆனால் 2008இல், நாளின் முதல் நான்கு மணித்தியாலமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கவேண்டுமென வட பிரதேச அரசாங்கம் பணித்தது. செடியின் பெயரும் பருவமும் தாய்மொழியில் அன்றோ தங்கியிருக்கின்றன! பின்னர் அப்பணிப்புத் தளர்ந்தது.

இப்பெண்கள் புதுமையை வெறுப்பவர்கள் அல்லர். இன்று அவர்கள் பின்னும் சுருட்கூடை, 1920களில் மிஷனரிப் பெண்மணி ஒருவர் வழியாகத் தென் அவுஸ்திரேலியாவின் ஙரின்ஜெரிப் பெண்களிடமிருந்து வந்து சேர்ந்தது. அண்மைக் காலத்தில் குரூட் தீவுப் பெண்கள் காட்டுச் செடிகளின் சாயத்தைப் பட்டுத்துணிக்கும் ஏற்றி வருகிறார்கள்.

இக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமன்று. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் தோண்டப்பட்ட சாயவேர், மேலே கூறிய மஞ்சள் வேரின் தாவரக் குடும்பத்தையே சேர்ந்தது. நம் நாட்டுச் சிவப்புத் துணிகளுக்கு நிறம் தந்தது அதுவே. 1868இல் ஜெர்மனிய இரசாயன அறிஞர் இருவர் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கிவிட்டனர். அதன்பின் வேரை நாடுவார் குறைந்தனர், தோண்டுவாரும் குறைந்தனர். செடி மட்டும் மணலில் இன்றும் முளைக்கிறது. அதனை இடித்து நூலுக்கு ஏற்றும் முறையை அறிந்த முதியோர் எவரேனும் வாசகர் இல்லங்களில் இருப்பின், அவர் சொல்வதை அப்படியே எழுதி எமக்கு அனுப்பிவைப்பார்களாக.