ஒரு விதை போதுமா?

புளியங்கூடல் வயல்கள் வானத்தை நம்பியவை. மழை பொய்ப்பது ஒரு கவலை என்றால், நெல் விளையும் நாடுகளெங்கும் காணப்படும் எரிபந்த நோய் மற்றொரு கவலை. தமிழகத்தார் இதனைக் குலைநோய் என்பர். இலையில் கண் வடிவான புள்ளியாகத் தோன்றும் இந்நோய் கதிரின் கழுத்தைப் பற்றினால், மணியெல்லாம் பதராகிவிடும். “நோய் தாங்கும் நல்லினம் ஒன்று கிடைத்தாற் போதும், எல்லோரும் அதையே விதைப்போம்” என்று சொல்வோர் நம்மிடையே பலர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. நோயை உண்டாக்கும் பங்கசின் இயல்பே அதற்கு மாறாக நிற்கிறது.

காற்றில் வந்து இலைமேல் வீழும் வித்தி, பனியின் ஈரத்தில் முளைத்து, தன் நுனியில் சிறு குமிழொன்றை அமைக்கிறது. குமிழின் கரிய சுவருக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் 80 மடங்கு வரை ஏறும். மோட்டார் வண்டிச் சில்லின் காற்றழுத்தம் இதன்முன் எம்மாத்திரம்? அவ்விசையால் இலையின் தோலைத் துளைத்து உட்புகும் பங்கசு, சில புரதங்களைச் சுரந்து பயிரின் காவலை மயக்குகிறது. அப்புரதங்களுள் ஒன்றைப் பயிர் இனங்கண்டுவிட்டால், தொற்றிய கலங்களைத் தானே மாளவிட்டுப் பகையை அங்கேயே அடக்கிவிடும். எதிர்ப்பினம் என்று நாம் போற்றுவது பெரும்பாலும் இந்தக் கண்டறியும் திறனையே.

ஏறத்தாழ 11,000 மரபணுக்கள் கொண்ட இப்பங்கசின் மரபுத்தொகுதி 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பல வகைகளின் மரபணுக்களை ஒப்புநோக்கிய ஆய்வாளர் கண்ட உண்மை இது: பயிர் இனங்கண்ட புரதத்தின் மரபணுவைப் பங்கசு மாற்றிக்கொள்கிறது, சிலவேளை அறவே உதறிவிடுகிறது. கோயம்புத்தூரில் உருவான ‘கோ 39’ என்னும் நெல், எரிபந்தத்துக்கு எளிதில் இரையாவது என்று ஆய்வுகூடங்களிற் பெயர்பெற்றது. ஆயினும் அதற்கும் ஒரு காவல் உண்டு. வேறு புல்லினங்களைத் தாக்கும் வகைகள் சுரக்கும் ஒரு புரதத்தை அது அறியும். நெல்லைத் தாக்கும் வகைகளிலோ அந்த மரபணு பெரும்பாலும் இல்லை, அன்றேற் சிதைந்து கிடக்கிறது. திருடன் தன் அடையாளத்தை அழித்துவிட்டான். காவலனோ பழைய அடையாளத்தையே தேடி நிற்கிறான்!

ஆகவே, ஒரே இனத்தை ஊரெங்கும் விதைப்பது, ஊரிலுள்ள பூட்டுகளுக்கெல்லாம் ஒரே திறப்பைச் செய்வதற்கு ஒப்பாகும். இதற்கு இலங்கை ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. 1869இல் இங்கே கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், சில பத்தாண்டுகளில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை வீழ்த்தியது. 1880 முதல் 1882 வரை இங்குத் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றிக் கோப்பியையே நட்டமை நோய் பரவ வழிசெய்தது என்பதை எடுத்துக்காட்டினார். சீனத்து யுன்னான் மாகாணமோ மறுபக்கத்தைக் காட்டிற்று. நோய்க்கு இரையாகும் நெல்லை, அதைத் தாங்கும் நெல்லோடு கலந்து நட்டபோது, முன்னதில் எரிபந்தம் 94 விழுக்காடு குறைந்ததென்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது.

பல இனம் விதைத்தால் அரிவு வெட்டும் விலையும் குழம்பும் என்பர். ஒத்த வயதுடைய இனங்களைத் தேர்ந்து, வயலுக்கு வயல் மாற்றி விதைக்கலாமே! மொட்டைக்கறுப்பன் போன்ற நம் பழைய நெல்லினங்கள் எல்லா நோயையும் தாங்கும் என்று நான் வாதிடவில்லை. அவற்றுள் எந்தக் காவல் உறங்குகிறதென்று படித்தறிய இன்று வழியுண்டு. விதை அழிந்தபின் படிப்பதற்கு என்ன இருக்கும்? கன்னொறுவையில் விதைகளைக் குளிரறையில் வைத்துக் காப்பது நன்றே. ஆனால், மாறிவரும் நோயோடு பொருதித் தானும் மாறும் வாய்ப்பு வயலில் விளையும் விதைக்கே உண்டு. ஆய்வாளர் புதிய இனங்களைத் தரட்டும். நாம் ஒவ்வொரு காலபோகத்திலும் ஒரு பரப்பையேனும் பழைய விதைக்கு ஒதுக்குவோம்.