சீட்டு விழுந்த பக்கம்

பிறந்த குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யவில்லை. வென்டிலேட்டரை எவ்வளவு கூட்டியும் பயனில்லை. அந்த நேரத்தில் டாக்டர் ஓர் ஆய்வைப் பற்றிப் பேசுகிறார். கழுத்தில் குழாய் செருகி, ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப உடம்புக்குள் அனுப்பும் ‘எக்மோ’ என்றொரு முறை இருக்கிறது; வழக்கமான சிகிச்சையைவிட அது மேலா என்பது இன்னும் தெரியாது; சம்மதித்தால் குலுக்கலில் எது வருகிறதோ அதுதான் உங்கள் குழந்தைக்கு. 1993 முதல் 1995 வரை பிரிட்டனில் 185 குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள்.

எக்மோ பக்கம் விழுந்த 93 குழந்தைகளில் 30 பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சைப் பக்கம் விழுந்த 92 பேரில் 54 பேர். வித்தியாசம் அவ்வளவு பட்டவர்த்தனமாக இருந்ததால் ஆட்சேர்ப்பை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மருத்துவத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அந்த 54 வீடுகளில் இந்த எண் எப்படிப் போய் இறங்கியிருக்கும்? ‘விதி’ என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. வேறு பக்கம் விழுந்திருந்தால் பிழைத்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அச்சாகியே வந்துவிட்டதே.

கிளேர் ஸ்னோடனும் அவருடைய சகாக்களும் இந்த ஆய்வில் பங்கேற்ற பெற்றோர்களில் சிலரைத் தேடிப்போய்ப் பேசினார்கள். குலுக்கல் என்பதே சிலர் மனதில் பதிந்திருக்கவில்லை. பலருக்கு இந்த ஆய்வு எக்மோவை எட்டிப்பிடிக்கக் கிடைத்த ஒரே வாசலாகத்தான் தெரிந்தது. மறுபக்கம் விழுந்தபோது வந்த ஏமாற்றத்தை வைத்துக்கொண்டு அதே குழந்தையின் தொட்டில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

பெற்றோரின் புத்தியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆய்வில் சேருகிறவர் அதைத் தனக்கான சிகிச்சை என்றே எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பால் ஆப்பல்பாமும் அவருடைய சகாக்களும் 1982-லேயே எழுதிவிட்டார்கள். நம் ஊரில் கேட்கவே வேண்டாம். ஒப்புதல் படிவத்தை நீட்டினால் வரும் கேள்வி ஒன்றுதான்: “உங்க பிள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?” ஆய்வு நடத்தும் டாக்டரிடம் அதற்குப் பதில் இல்லை, இருக்கவும் கூடாது. எது மேல் என்று அவருக்கு முன்பே உறுதியாகத் தெரிந்தால், குலுக்கிப்போடுவதே குற்றமாகிவிடும். நம்பிவந்தவர் அறிவுரை கேட்கிறார். எதிரில் இருப்பவர் ‘தெரியாது’ என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைப் பதினைந்து பக்கப் படிவம் நிரப்பாது. ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுத்தாலும் நிரம்பாது.

இந்தியச் சட்டம் உடம்புக்கு ஏற்படும் கேட்டை ஓரளவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளில் இழப்பீட்டுக்குச் சூத்திரமே இருக்கிறது. ஆபத்தான பக்கவிளைவு வந்து குணமாகிவிட்டால், ஒருநாள் குறைந்தபட்சக் கூலியை மருத்துவமனையில் கிடந்த நாட்களால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கித் தர வேண்டும். இதைக் கொண்டுவரவே நிறையப் போராட வேண்டியிருந்தது, குறைத்துப் பேசவில்லை. ஆனால் வார்டில் படுக்காதவருக்கு, ‘நான்தானே கையெழுத்துப் போட்டேன்’ என்று தூக்கமில்லாமல் கிடப்பவருக்கு, இந்தப் பெருக்கலில் இடமில்லை. அதற்கும் காசு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆய்வு கொடுக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது: முடிவைச் சொல்வது.

“சொன்னால் மனசு உடைந்துவிடும்” என்பார்கள். 1998-ல் வெளியிட்ட ஆய்வுக்காக ஸ்னோடன் குழு இதையும் கேட்டுப் பார்த்தது, பிழைத்த குழந்தைகளின் பெற்றோரிடம். முடிவைக் கேட்பது வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் தெரிவிக்கத்தான் வேண்டும் என்பதே அவர்கள் நினைப்பு. மறைத்து வைப்பதைக் கருணை என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் மேசைக்கு இந்தப் பக்கம், ஆய்வு நடத்தும் பக்கம் இருப்பவர்கள். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும் பங்கேற்றவர் விரும்பினால் பொதுவான முடிவுகளைத் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்கிறது.

கெட்ட செய்தி மட்டும்தான் வரும் என்பதும் இல்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கு, இன்னொரு பகுதியினர் நெருக்கமான, சாப்பாட்டுக்கே திண்டாடும் வீடுகளுக்கு. இரு பகுதியினருக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டு. வீட்டில் இருந்தவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். காசநோய் என்றால் தம்ளரைத் தனியாக ஒதுக்கிவைத்த காலம் அது. ஆய்வு மையத்து ஆள் வாசலில் நின்றாலே தெரு முழுக்கத் தெரிந்துவிடாதா? ‘என்னால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ’ என்ற பயம் வேறு. 1959-ல் வெளியான முடிவு உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே திருப்பிப்போட்டது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பது 1960-ல் வெளியானது. சானடோரியம் தேவையில்லை என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அது ஒரு தரவு. அந்த வீட்டுத் தாய்க்கோ, பிள்ளையைப் பயமில்லாமல் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற சேதி.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒப்புதல் படிவத்திலேயே தனிக் கட்டம் வையுங்கள்: முடிவு வந்ததும் எனக்குச் சொல்லுங்கள் / வேண்டாம் / பிறகு கேட்டுக்கொள்கிறேன். சொல்பவர் பங்கேற்றவருக்கு முன்பே பழக்கமான நர்ஸாகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கட்டும். கடிதம் மட்டும் போதாது. அந்த ஆளின் சம்பளத்தையும் பயணச் செலவையும் ஆய்வின் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்க்க வேண்டும். மருந்துக்கும், ரத்தப் பரிசோதனைக்கும், கூரியருக்கும் வரி வரியாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வரி. அந்த வரி இல்லாத விண்ணப்பத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.