லினக்ஸ் மேல பழி போடாதீங்க சாமி!

"லினக்ஸா? அதெல்லாம் ஆபீசுக்கு ஒத்து வராதுப்பா."

ஸ்ரீரங்கத்தில் நான் சாயங்காலம் வேலை பார்க்கும் சின்ன அலுவலகத்தின் தேசிய கீதம் இது. மொத்தம் ஆறு கணினி, எல்லாமே விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. எங்கள் பழைய பெட்டிகளில் விண்டோஸ் 11 ஏறாது. சரியென்று, மூலையில் தூங்கிய ஒன்றில் உபுண்டு போட்டேன்.

பிரிண்டர் ஓடியது. லிப்ரே ஆபீஸ் திறந்தது. பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால்... கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகள்! "பாத்தியா, இதுல தமிழே வராது" என்று ஒரே சிரிப்பு.

ஐயா, அது வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்த எழுத்துரு இல்லாத விண்டோசிலும் இப்படித்தான் தெரியும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-ல். பதினைந்து வருஷமாக மாறாதது லினக்ஸின் குற்றமா?

டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு விண்டோஸ் இருக்கட்டும். மற்ற ஐந்துக்கு என்ன சாக்கு?

உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது, 2007 வாக்கில், எல்காட்டே சூசே லினக்சுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோசோடு சி-டாக்கின் பாஸ் லினக்சும் வந்தது. அக்காவுக்குக் கிடைத்ததிலும் இருந்தது. வீட்டில் ஒருத்தரும் (என்னையும் சேர்த்துத்தான், ஹி ஹி) திறந்து பார்க்கவில்லை.

இப்போது பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுகிறேன். நாற்பது முடிந்தது. மேனேஜர் இன்னும் முறைக்கிறார்.