மாலை உண்டு, முதல் இல்லை

உலகத்துக்கே படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த குரோசாவாவின் அடுத்த படத்துக்குப் பணம் கொடுத்தது யார்?

கணக்கு எளிமையானது. 1943 முதல் 1965 வரை, 22 ஆண்டுகளில், அகிரா குரோசாவா இயக்கிய படங்கள் 23. அதன் பிறகு 1993 வரை, 28 ஆண்டுகளில், வெறும் 7. அதிலும் 1970, 1975, 1980, 1985, 1990 என்று ஐந்தாண்டுக்கு ஒன்றாகத்தான் வந்தன. ஏதோ ஐந்தாண்டுத் திட்டம் போட்டு வேலை செய்தவர் போலத் தெரியும். திட்டமெல்லாம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் பெரும்பகுதி, பணம் போட ஆள் கிடைக்காமல் கழிந்த காலம்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் படம் கிடைக்காத அதே ஆண்டுகளில் அவருடைய படங்கள் மற்றவர்களுக்குப் பணமாகக் கொட்டிக்கொண்டிருந்தன. கிராமத்துக் குடியானவர்கள் கொள்ளையரை விரட்ட வீரர்களை வாடகைக்கு அமர்த்தும் 'செவன் சாமுராய்' (1954), ஹாலிவுட்டில் 'மேக்னிஃபிசென்ட் செவன்' (1960) ஆனது. இந்தியாவில் 'ஷோலே' (1975) படத்தின் வம்சாவளியைத் தேடினால் அங்கேதான் போய் நிற்க வேண்டும். 'யோஜிம்போ'வை (1961) இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி அப்படியே எடுத்து 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) ஆக்கினார். கிளின்ட் ஈஸ்ட்வுட் என்ற நட்சத்திரம் பிறந்தார். தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டு வருமானத்தில் பங்கு வாங்கியது. 'ஹிடன் ஃபோர்ட்ரெஸ்' (1958) படத்தில் இரண்டு அற்பக் குடியானவர்களின் பார்வையில் கதை நகரும் உத்தியை 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் இரண்டு ரோபோக்களுக்குக் கொடுத்ததாக ஜார்ஜ் லூகாஸே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தமிழ் சினிமாவும் இந்தக் கடனாளிகளின் பட்டியலில் உண்டு. நடந்தது ஒரே குற்றம், சொல்பவர்கள் பலர், ஆளுக்கு ஒரு கதை என்ற 'ராஷோமான்' உத்தி 1954-ல் வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' மூலம் இங்கே வந்து சேர்ந்தது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று அப்போது பேசப்பட்ட படம் அது. அரை நூற்றாண்டு கழித்துக் கமல்ஹாசன் 'விருமாண்டி'யில் (2004) அதே உத்தியைச் சிறைக் கைதிகளின் வாக்குமூலத்துக்குப் பயன்படுத்தினார்.

இப்படி ஊருக்கெல்லாம் விதைநெல் கொடுத்தவரின் சொந்தக் குதிர் ஏன் காலியானது?

குரோசாவா 1910-ல் டோக்கியோவில் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். ஓவியராக ஆசைப்பட்டார். அண்ணன் ஹெய்கோ ஊமைப் படங்களுக்குத் திரையருகே நின்று கதை சொல்பவர். தம்பிக்கு உலக சினிமாவை அறிமுகப்படுத்தியவரும் அவரே. படம் பேசத் தொடங்கியதும் அண்ணனின் தொழில் போயிற்று. 1933-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, பின்னாளில் தோஹோ என்று பெயர் மாறிய ஸ்டுடியோவில் குரோசாவா உதவி இயக்குநராகச் சேர்ந்தார்.

அன்றைய ஜப்பானிய ஸ்டுடியோ ஒரு கூட்டுக் குடும்பம் போன்றது. கதாசிரியர், ஒளிப்பதிவாளர், செட் போடும் தச்சர், நடிகர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். குரோசாவாவும் ஷினோபு ஹாஷிமோட்டோ, ஹிடியோ ஓகுனி போன்ற எழுத்தாளர்களும் விடுதியில் அறை எடுத்து, ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காட்சி காட்சியாகத் திரைக்கதை எழுதுவார்கள். தோஷிரோ மிஃபுனே 16 படங்களில் அவருக்கு நடித்தார். 'செவன் சாமுராய்' படப்பிடிப்பு ஏறக்குறைய ஓராண்டு இழுத்தது. பட்ஜெட் எகிற, தோஹோ இடையில் வேலையை நிறுத்தியது. குரோசாவா மீன் பிடிக்கப் போய்விட்டார். இவ்வளவு பணத்தைப் போட்ட பிறகு படத்தைக் கைவிட முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் நினைத்தபடியே நடந்தது. 207 நிமிடப் படம் தயாரானது. அவருடைய மேதைமைக்கு நிகராக, அந்தப் பிடிவாதத்தைத் தாங்குமளவுக்கு ஸ்டுடியோவின் முதுகும் அகலமாக இருந்தது.

அப்போதும் வீட்டில் அவருக்குப் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது. டாயெய் நிறுவனத்துக்காக 1950-ல் எடுத்த 'ராஷோமான்' அதன் தலைவர் நகாடாவுக்கே புரியவில்லை. அடுத்து ஷோச்சிகு நிறுவனத்துக்கு எடுத்த 'தி இடியட்' (1951) படத்தை நிறுவனம் வெட்டித் தள்ளியது. வெட்டுவதாக இருந்தால் ஃபிலிமை நீளவாக்கில் வெட்டுங்கள் என்று குரோசாவா சொன்னது பிரபலம். அந்தப் படத்தின் தோல்வியால் டாயெய் தருவதாக இருந்த வாய்ப்பும் பறிபோனது. இனிச் சில காலம் வேலை கிடைக்காது என்ற நினைப்போடு மீன்பிடித் தூண்டிலும் அறுந்து வீடு திரும்பியவருக்கு, மனைவி சொன்ன செய்தி: வெனிஸ் விழாவில் 'ராஷோமானு'க்குத் தங்கச் சிங்கம். படம் விழாவுக்குப் போன விஷயமே அவருக்குத் தெரியாது. டோக்கியோவில் இருந்த கியூலியானா ஸ்ட்ராமிஜோலி என்ற இத்தாலியப் பெண்மணி பரிந்துரைத்துத்தான் படம் போனது.

அந்தப் பரிசு ஆசிய சினிமாவுக்கே ஒரு கதவைத் திறந்தது. கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ராய் 'ராஷோமானை'த் தொடர்ந்து மூன்று நாள் போய்ப் பார்த்தார். ஆனால் ஜப்பானில் இன்னொரு பேச்சு கிளம்பியது. மேற்கத்தியர்கள் மெச்சும்படி எடுக்கிறார், ஷேக்ஸ்பியரையும் தஸ்தயேவ்ஸ்கியையும் தழுவுகிறார், இவர் சரியான ஜப்பானியர் இல்லை என்ற பேச்சு. கடைசிவரை அது அவரை விடவில்லை.

1960-களில் ஸ்டுடியோவின் முதுகு வளையத் தொடங்கியது. வரவேற்பறைக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. 1958-ல் ஜப்பானில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் 112 கோடிக்கும் மேல். 1970-ல் சுமார் 25 கோடி. 'ராஷோமானை'த் தயாரித்த டாயெய் 1971-ல் திவாலானது. பழம்பெரும் நிக்காட்சு நிறுவனம் அதே ஆண்டு பாலியல் படங்களுக்குத் திரும்பியது. 'ரெட் பியர்ட்' (1965) நன்றாக ஓடியும், ஒரு படத்துக்கு இரண்டு வருஷம் எடுத்துக்கொள்ளும் இயக்குநரைக் கட்டித் தீனி போட தோஹோவால் முடியவில்லை. மிஃபுனேவுடன் அவர் சேர்ந்த கடைசிப் படமும் அதுவே.

ஹாலிவுட் கூப்பிட்டது. முதல் திட்டம் படப்பிடிப்புக்கே போகவில்லை. இரண்டாவது, பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பற்றிய 'டோரா! டோரா! டோரா!' ஜப்பானியப் பகுதியை எடுக்க ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அவரை அமர்த்தியது. 1968 டிசம்பரில், படப்பிடிப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே, விலக்கியது. உடல்நலமும் மனநலமும் காரணம் என்று சொல்லப்பட்டது. பைத்தியம் என்ற பெயரோடு அவர் ஊரில் நடமாட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் ராயும் கொலம்பியா நிறுவனத்துக்கு எடுக்க இருந்த 'தி ஏலியன்' கனவைத் தொலைத்தார் என்பது இங்கே நினைவுக்கு வரும்.

தன் மூளை சரியாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க, மூன்று சக இயக்குநர்களோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கி, குப்பைமேட்டு மனிதர்களைப் பற்றி 'டோடெஸ்கடென்' (1970) எடுத்தார். அவரது முதல் வண்ணப் படம். விரைவாகவே படப்பிடிப்பை முடித்துக் காட்டினார். படம் தோற்றது. 1971 டிசம்பரில் குரோசாவா தற்கொலைக்கு முயன்றார். உயிர் பிழைத்தது. அப்போது அவருக்கு வயது 61.

கை கொடுத்தது சோவியத் யூனியன். மாஸ்ஃபிலிம் தயாரிப்பில், சைபீரியக் காட்டில் ரஷ்ய மொழியில் அவர் எடுத்த 'டெர்சு உசாலா' (1975), சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. விருது சோவியத் யூனியன் கணக்கில் சேர்ந்தது. அதன் பிறகும் ஜப்பானில் யாரும் காசோலைப் புத்தகத்தைத் திறக்கவில்லை. படமாக்க முடியாத காட்சிகளைக் குரோசாவா ஓவியமாகத் தீட்டத் தொடங்கினார். படம் வராமலே போனாலும் ஓவியமாவது மிஞ்சும் என்ற எண்ணம்.

அந்தப் படம் 'ககெமுஷா'. தோஹோ பாதியில் கையை விரித்தபோது, லூகாஸும் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவும் ஃபாக்ஸ் நிறுவனத்தை வற்புறுத்தி வெளிநாட்டு உரிமையை வாங்க வைத்து, மிச்சப் பணத்தைத் திரட்டினார்கள். முன்பு அவரை வெளியே அனுப்பிய அதே ஃபாக்ஸ். 'ஸ்டார் வார்ஸ்' மூலம் கொழுத்த லாபம் பார்த்த அதே ஃபாக்ஸ். ஒரு வகையில் 'ஹிடன் ஃபோர்ட்ரெஸு'க்கான வட்டி சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1980-ல் கான் விழாவின் தங்கப் பனை விருதை 'ககெமுஷா' பகிர்ந்துகொண்டது.

அடுத்து 'ரான்' (1985). கிங் லியரை ஜப்பானிய மண்ணில் நட்ட இந்தப் படம், அதுவரை ஜப்பானில் எடுத்த படங்களிலேயே அதிகச் செலவில் உருவானது. பணத்தைத் திரட்டியவர் பிரான்ஸில் இருந்த செர்ஜ் சில்பர்மேன். படப்பிடிப்பின்போது மனைவி இறந்தார். பார்வை மங்கிக்கொண்டிருந்தது. குரோசாவாவுக்கு 75 வயது. அந்த ஆண்டுதான் ஜப்பான் தன் மிக உயர்ந்த கலாசார விருதை அவருக்கு வழங்கியது. அதே ஆண்டு, ஆஸ்கரின் அயல்மொழிப் பிரிவுக்கு ஜப்பான் அனுப்பிய படம் 'ரான்' அல்ல. பிரெஞ்சுப் பணம் சேர்ந்த படம் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற குழப்பம் ஒரு காரணம்; டோக்கியோ விழாவில் படத்தின் முதல் காட்சிக்கு அவர் வராததில் திரையுலகினருக்கு இருந்த மனத்தாங்கல் இன்னொன்று. அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் போன்றவர்கள் முயன்று சிறந்த இயக்குநர் பரிந்துரையாவது கிடைக்கச் செய்தார்கள். மாலை போட்டவர்கள் முதல் போடவில்லை. வெளியூரான் முதல் போட்டபோது, பிள்ளை நம்முடையதுதானா என்று சந்தேகப்பட்டார்கள்.

ராயின் கதை இங்கே ஒப்பிடத் தக்கது. 'பதேர் பாஞ்சாலி' (1955) பாதியில் நின்றபோது மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து முடிக்க வைத்தது. சாலைப் பணிக் கணக்கில் கொடுத்தார்கள் என்பது திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் இருந்தது. எல்லாவற்றையும்விட, ராய் வங்காள மார்க்கெட் தாங்கும் அளவுக்குள் செலவை வைத்துக்கொண்டார். மாரடைப்பு வரும்வரை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு படம் அவரால் எடுக்க முடிந்தது. ஆனால் எல்லா வங்காளியும் ராய் ஆகிவிடவில்லை. 'சுபர்ணரேகா'வுக்குப் பிறகு அடுத்த கதைப்படத்துக்கு ரித்விக் கட்டக் சுமார் பத்தாண்டு காத்திருந்தார். 'திதாஷ் ஏக்டி நதீர் நாம்' (1973) படத்துக்குப் பணம் போட்டவர் வங்கதேசத்துக்காரர். 1976-ல் 50 வயதில் கட்டக் போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2024-ல் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' கான் விழாவில் கிராண்ட் பிரீ பெற்றது. முப்பது ஆண்டுகளில் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்த முதல் இந்தியப் படம். மும்பையில் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸுகளின் கதை. முதலீட்டில் பிரான்ஸ், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் பங்கு உண்டு. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியது வேறு படத்தை. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் பார்ப்பது போல் இருந்தது என்று தேர்வுக் குழு கருதியதாகச் செய்தி வந்தது. 'லாபதா லேடீஸ்' மோசமான தேர்வா என்பது வேறு விவாதம். 1985-ல் டோக்கியோவில் கேட்ட குரல்தான் 2024-ல் இந்தியாவில் கேட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இப்படிப்பட்ட இயக்குநர்கள் வெளிநாட்டுப் பணத்தைத் தேடிப் போவது மோகத்தால் அல்ல. உள்ளூரில் கதவு திறப்பதில்லை. அந்தப் பணத்துக்கும் ஒரு ருசி உண்டு. புற்றுநோய் வந்த குமாஸ்தா ஒருவன் சாவதற்குள் ஒரு பூங்கா கட்டும் 'இகிரு' (1952) போன்ற சின்னப் படத்தைத் தோஹோ தயாரித்தது. 1980-களில் பாரிஸும் ஹாலிவுட்டும் பணம் கொடுத்தது குதிரைப் படைகளுக்கும் எரியும் கோட்டைகளுக்கும்தான். வீட்டில் வளர்ந்த ஸ்டுடியோ செத்ததால் குரோசாவா எத்தனை 'இகிரு'க்களை எடுக்காமல் விட்டார் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

1990 மார்ச்சில், 80 வயது முடிந்த சில நாட்களில், லூகாஸும் ஸ்பீல்பெர்க்கும் மேடையில் நிற்க, அவர் கௌரவ ஆஸ்கரை வாங்கினார். சினிமா என்பது இன்னும் தனக்குப் பிடிபடவில்லை என்றார். அவையடக்கம் என்று எல்லாரும் கைதட்டினார்கள். அதன் பிறகுதான் ஜப்பானிய நிறுவனங்கள் மீண்டும் அவரிடம் வந்தன. சின்னதாக, அமைதியாக இரண்டு படங்கள் எடுத்தார். 1998 செப்டம்பரில் காலமானார். ஜப்பான் அரசு மக்கள் கௌரவ விருதை அதற்குப் பிறகு அறிவித்தது. 'இகிரு' 2022-ல் பிரிட்டனில் 'லிவிங்' என்று மறுபிறவி எடுத்தது. 'ஹை அண்ட் லோ' (1963) படத்தை 2025-ல் ஸ்பைக் லீ நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அவருடைய கதைகளுக்குப் பணம் போட இப்போது ஆள் பஞ்சமே இல்லை.